எட்டு ட்ராக்கில் பதின்மூன்று ஒலி: வீட்டு ரெக்கார்டரில் பஜனைப் பாட்டைப் பவுன்ஸ் செய்து சேர்க்கும் முறை

டாஸ்கம் டிபி-008ஈஎக்ஸ், ஜூம் ஆர்8 போன்ற கையடக்க ரெக்கார்டர்களில் எட்டு ட்ராக் (தனித்தனிப் பதிவு வரிசை) ஒன்றாக ஓடும். ஒரு நேரத்தில் இரண்டில் மட்டும் பதியலாம். தோட்டத்துக் கோயில் பஜனைக் குழு ஒன்றைப் பதிய உட்கார்ந்தால் இந்த எட்டு போதாது. ஆர்மோனியம், டோலக்குக்கு இரண்டு மைக், ஜால்ரா, கீபோர்டு பேஸ், பின்பாட்டு, முதல் குரல், புல்லாங்குழல், உடுக்கை என்று பட்டியல் நீளும்.

அதற்குத்தான் பவுன்ஸ். பதிந்த ட்ராக்குகளை ஓடவிட்டு, அவற்றின் கலவையைக் காலியாக உள்ள இரண்டு ட்ராக்கில் பதிந்துகொண்டு, பழையவற்றைக் காலி செய்வது. பட்டனை அழுத்துவது சுலபம். ஆனால் ஒருமுறை கலந்தபின் டோலக்கை மட்டும் கூட்டவோ ஜால்ராவை மட்டும் குறைக்கவோ முடியாது. அதனால் இந்த வழிகாட்டியில் பெரும்பகுதி பட்டனை அழுத்துவதற்கு முன் செய்யவேண்டியதைப் பற்றியது.

1. மெஷினைத் தொடுவதற்கு முன் ஒரு தாள்

ஒரு ஏ4 தாளில் எட்டுக் கட்டம் போடுங்கள். எந்த ட்ராக்கில் எது, எது எதோடு சேரும், எங்கே போய் உட்காரும் என்பதைப் பென்சிலால் எழுதுங்கள். ஐந்து நிமிடப் பாட்டுக்கு ஒத்துவரும் திட்டம் இது.

முதல் சுற்று: 1 ஆர்மோனியம், 2 டோலக் வலது பக்கம், 3 டோலக் இடது பக்கம், 4 ஜால்ரா, 5 கீபோர்டு பேஸ், 6 வழிகாட்டிக் குரல் (மற்றவர்கள் கேட்டு வாசிப்பதற்காக மட்டும் பாடுவது). ஒன்றிலிருந்து ஐந்து வரை 7, 8 இல் சேரும். ஆறு சேராது.

இரண்டாம் சுற்று: 1 முதல் 4 வரை பின்பாட்டு. அது 5, 6 இல் சேரும். அப்போது 6 இல் இருக்கும் வழிகாட்டிக் குரல் அழியும். அதற்குள் அதன் வேலை முடிந்திருக்கும், போகட்டும்.

மூன்றாம் சுற்று: 1, 2 முதல் குரல், 3 புல்லாங்குழல், 4 உடுக்கை.

மொத்தம் பதின்மூன்று ஒலி, இரண்டு பவுன்ஸ். முக்கியமாக, எந்த ஒலியும் இரண்டு தடவை பவுன்ஸ் ஆகவில்லை. பவுன்ஸ் செய்ததை எடுத்து இன்னொன்றோடு மறுபடி பவுன்ஸ் செய்யும் திட்டம் எழுதியிருந்தால் அடித்துவிட்டு வேறு எழுதுங்கள். முதல் கலவையில் செய்த சின்னத் தப்பு, இரண்டாவது கலவைக்குள் புதைந்துவிட்டால் எங்கே இருக்கிறது என்று தேடவே முடியாது.

எதை முதலில் சேர்ப்பது என்பதற்கு ஒரே அளவுகோல்: பிறகு அளவை மாற்றத் தேவைப்படாதது எதுவோ அதை முதலில். தாளமும் சுருதியும் பாட்டு முழுக்க ஒரே நிலையில் போகும். முதல் குரல் வரிக்கு வரி ஏறி இறங்கும். ஆகவே முதல் குரலை எந்தக் காரணத்துக்காகவும் பவுன்ஸ் செய்யாதீர்கள்.

2. கையில் இருக்கவேண்டிய சாமான்

ரெக்கார்டர், டைனமிக் மைக் இரண்டு, ஸ்டாண்டு இரண்டு, காதை முழுக்க மூடும் ஹெட்போன் இரண்டு, கீபோர்டிலிருந்து மெஷினுக்குக் கேபிள், நல்ல ஏஏ பேட்டரி எட்டு. டைனமிக் மைக்குக்குப் பேண்டம் பவர் (மெஷினிலிருந்து மைக்குக்குப் போகும் மின்சாரம்) வேண்டாம். கண்டென்சர் மைக் என்றால் மெஷினில் 48 வோல்ட்டைப் போட்டாகவேண்டும். வீட்டு அறைக்கு டைனமிக்கே மேல். கண்டென்சர் பக்கத்து வீட்டு டிவியையும் சேர்த்துப் பதியும்.

எஸ்டி கார்டு 32 ஜிபிக்கு மேல் வாங்காதீர்கள். இந்த வகை மெஷின்கள் அதைத் தாண்டினால் ஏற்பதில்லை. கார்டை லேப்டாப்பில் பார்மெட் செய்யவேண்டாம், மெஷினிலேயே செய்யுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் ஒரு ட்ராக் நிமிடத்துக்கு ஏறக்குறைய 5.3 எம்பி பிடிக்கும். ஐந்து நிமிடப் பாட்டு எட்டு ட்ராக்கிலும் நிறைந்தால் 212 எம்பி. இடம் ஒரு பிரச்சினையே அல்ல, அதனால் பேக்கப் எடுக்கக் கஞ்சத்தனம் வேண்டாம்.

பேட்டரி எதற்கு என்றால், மெஷின் கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்தப் பதிவு மட்டும் அல்ல, சில சமயம் பாட்டு முழுவதுமே திறக்காமல் போகும். மாலை இடிக்கு மெயின் பாக்ஸ் டிரிப் ஆகும் ஊர்களில் இது சாதாரணம். அடாப்டர் குத்தியிருந்தாலும் பேட்டரி உள்ளே இருக்கட்டும்.

3. நேரம் பார்த்துப் பதிதல்

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப் பட்டணத்தில் அமைதியைத் தேடிப் போகமுடியாது. மணி பார்த்துத்தான் பிடிக்கவேண்டும். விடிகாலையில் வேலைக்குப் போகும் மோட்டார்கள், பகலில் செம்பனைக் குலை ஏற்றிய லாரி, குறித்த வேளைகளில் சூராவிலிருந்து (சிறு தொழுகைக்கூடம்) பாங்கு, மூன்று மணிக்கு மேல் மழை. ஜிங்குக் கூரையில் மழை விழுந்தால் மைக் எதுவும் கேட்காது, மூட்டை கட்டவேண்டியதுதான்.

டோலக்கும் ஜால்ராவும் சனி, ஞாயிறு காலை பத்திலிருந்து பன்னிரண்டுக்குள். அவை சத்தமான ஒலிகள். தூரத்து லாரி அவற்றில் அமுங்கிவிடும். இரவில் வாசித்தால் வரிசை வீட்டில் சுவருக்கு அந்தப்பக்கம் தூங்குகிறவர் சும்மா இருக்கமாட்டார். குரலும் புல்லாங்குழலும் வார நாளில் இரவு ஒன்பதுக்கு மேல். தாளம் முதலில், குரல் கடைசியில் என்ற நம் திட்டத்துக்கும் இது பொருந்தி வருவது வசதி.

அறையில் மின்விசிறியை நிறுத்துங்கள். காற்று மைக்கில் படபடக்கும். அந்தப் படபடப்பு ஐந்து ட்ராக்கில் சேர்ந்தால் பவுன்ஸில் பெரிதாகக் கேட்கும். வியர்க்கும், ஒரு டேக்குக்கும் (ஒருமுறை வாசித்துப் பதிவது) அடுத்ததுக்கும் நடுவில் போட்டுக்கொள்ளலாம். பாடுகிறவரின் முதுகுக்குப் பின்னால் தோத்தோ மெத்தை (தரையில் விரிக்கும் மடிப்பு மெத்தை) ஒன்றைத் தொங்கவிடுங்கள், மைக்குக்குப் பின்னால் அல்ல. மைக் பார்ப்பது பாடகரையும் அவருக்குப் பின்னால் உள்ள சுவரையும்தான். எதிரொலி அங்கிருந்து திரும்பி நேராக மைக்குக்குள் போகிறது.

4. சுருதியும் எண்ணிக்கையும்

ஆர்மோனியத்தின் சுருதியை மாற்ற முடியாது. ஆகவே அதுதான் தலைவர். கீபோர்டின் டியூனிங்கை ஆர்மோனியத்துக்கு ஒத்து வையுங்கள். பழைய ஆர்மோனியம் பலவும் கீபோர்டைவிடக் கொஞ்சம் ஏறியோ இறங்கியோ நிற்கும். கீபோர்டில் டியூன் மெனு இருக்கும், ஆர்மோனியத்தில் இல்லை.

பாடுகிறவரின் கட்டையை, அதாவது சுருதி உயரத்தை, முதலிலேயே கேட்டு முடிவு செய்யுங்கள். “ஒன்றரைக் கட்டை போதும்ணே” என்று சொல்லி எல்லாத் தாளக் கருவியும் பதிந்து பவுன்ஸும் ஆனபின் “மேல எட்டல, ஒரு கட்டைக்கு இறக்கலாமா?” என்றால் முதலிலிருந்து ஆரம்பிக்கவேண்டும். சரணத்தின் உச்ச வரியை இரண்டு தடவை முழுக்குரலில் பாடவைத்துப் பார்த்துவிட்டே சுருதியை உறுதி செய்யுங்கள்.

டோலக்கை வாசிக்கும் முன் ஒவ்வொரு தடவையும் கயிறை இழுத்துச் சரிபாருங்கள். மழை பெய்து ஓய்ந்த ஈரக்காற்றில் தோல் தளர்ந்து ஒலி இறங்கும். அரைமணி இடைவெளி விட்டாலும் மாறும்.

வேகத்துக்கு மெஷினில் உள்ள மெட்ரோனோமைப் போடுங்கள். பஜனையில் கடைசியில் வேகம் கூட்டும் வழக்கம் உண்டு என்றால் மெட்ரோனோம் வேண்டாம், ஆர்மோனியமும் வழிகாட்டிக் குரலும் சேர்ந்து ஒரே டேக்காகப் பதியட்டும். மற்றவர்கள் அதைப் பின்தொடரட்டும். எப்படியானாலும் பாட்டு துவங்குமுன் ஜால்ராவில் நாலு தட்டு வேண்டும். அது ஆர்மோனியம் ட்ராக்கின் தலையிலேயே பதிந்திருக்கட்டும். இந்த நாலு தட்டு இல்லாமல் டோலக்காரர் எங்கே நுழைவது என்று தெரியாமல் முதல் அடியைத் தப்பவிடுவார்.

5. முதல் சுற்றைப் பதிதல்

முதலில் 1 ஆர்மோனியம், 6 வழிகாட்டிக் குரல் இரண்டும் ஒரே நேரத்தில். குரல் அழகாக இருக்கத் தேவையில்லை, வரி தவறாமல் இருந்தால் போதும். இதைச் சோம்பேறித்தனமாக விட்டுவிடுவதுதான் புதியவர்களின் முதல் சறுக்கல். குரல் இல்லாமல் ஆர்மோனியத்தை மட்டும் கேட்டு டோலக் வாசிப்பவர் எங்கே வரி முடிகிறது என்று தெரியாமல் எல்லா இடத்திலும் நிரப்பி வைப்பார்; பிறகு குரலுக்கு மூச்சு விட இடம் இராது.

ஆர்மோனியத்துக்கு மைக் ஒன்றரை அடி தள்ளி, ரீடுகள் இருக்கும் மேற்பக்கத்தைப் பார்த்து. பின்பக்கத் துருத்தியைப் பார்த்து வைத்தால் மூச்சு வாங்கும் சத்தம் வரும். டோலக்குக்கு ஒவ்வொரு பக்கமும் ஒரு ஜாண் தள்ளி, கையில் படாதபடி கொஞ்சம் சாய்த்து. இரண்டு மைக்குக்கும் இடையே உள்ள தூரம், மைக்குக்கும் தோலுக்கும் உள்ள தூரத்தைப்போல் மூன்று மடங்காவது இருக்கட்டும். நெருங்கினால் ஒரே அடி இரண்டு மைக்கிலும் சற்று முன்பின்னாகப் போய், சேர்க்கும்போது அடிக்கனம் கரைந்துவிடும். ஜால்ரா மூன்று அடி தள்ளி, மெதுவாக.

அளவு வைப்பதில் ஒரு குழப்பம் எப்போதும் வரும். பதியும் அளவைத் தீர்மானிப்பது இன்புட் டிரிம் (மைக்கிலிருந்து வரும் ஒலியை ஏற்றி இறக்கும் குமிழ்). ஃபேடர் (ஒவ்வொரு ட்ராக்குக்கும் உள்ள அளவுக் கட்டுப்பாடு) கேட்கும் அளவை மட்டும்தான் மாற்றும். மீட்டர் சிவப்பைத் தொடுகிறதே என்று ஃபேடரை இறக்கினால், காதுக்குக் குறையும், கார்டில் உடைந்த ஒலியே பதியும். டிரிமைத் திருப்பி, உரத்த இடத்தில் மீட்டர் -12 க்கும் -6 டெசிபலுக்கும் இடையில் நிற்கும்படி வையுங்கள். 16 பிட்டில் 96 டெசிபல் இடம் இருக்கிறது. நம் அறையின் இரைச்சல் அதைவிட எவ்வளவோ பெரிது. மீட்டரின் உச்சமான பூஜ்யத்தைத் தொட்டுப் பதிந்து லாபம் ஒன்றும் இல்லை. தொட்டால் படபடவென்று உடையும், அதைச் சரிசெய்யும் பட்டன் எந்த மெஷினிலும் இல்லை.

அளவு பார்க்கும்போது வாசிப்பவர் எப்போதும் அடக்கி வாசிப்பார், சிவப்பு விளக்கு எரிந்ததும் வேகம் வந்துவிடும். சோதனையில் -12 இல் நின்றால் நிஜத்தில் -7 வரை போகும், அதை எதிர்பார்த்தே வையுங்கள்.

கீபோர்டு அடாப்டரில் ஓடினால் கேபிள் வழியாக ‘ம்ம்’ என்ற இரைச்சல் வரலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதன் மடங்குகளும் சேர்ந்து பேஸ் ஒலிக்குள்ளேயே உட்கார்ந்துவிடும், இகியூவால் (ஸ்தாயிவாரியாக ஒலியைக் கூட்டிக் குறைக்கும் வசதி) எடுக்க முயன்றால் பேஸும் போய்விடும். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் குத்திப் பாருங்கள். போகாவிட்டால் ரெக்கார்டரைப் பேட்டரியில் மட்டும் ஓட்டுங்கள்.

6. சேர்ப்பதற்கு முன் துப்புரவு

ஐந்து ட்ராக்கையும் ஒவ்வொன்றாகத் தனியே கேளுங்கள். அவசரப்படும்போது விட்டுவிடுகிற படி இது. சேர்ந்து கேட்கும்போது தெரியாத இருமல், நாற்காலி நகரும் சத்தம், “இப்பவா?” என்ற கேள்வி எல்லாம் தனியே கேட்டால்தான் அகப்படும்.

வாசிக்காத இடங்களை அழித்துவிடுங்கள். கீபோர்டு இரண்டாம் சரணத்தில்தான் வருகிறது என்றால் அதுவரை உள்ள இரைச்சல் எதற்கு? ஒரே அளவு இரைச்சல் உள்ள இரண்டு ட்ராக் சேர்ந்தால் இரைச்சல் 3 டெசிபல் ஏறும், நாலு சேர்ந்தால் 6. கலந்தபின் அதைப் பிரிக்க வழி இல்லை.

தலையில் உள்ள நாலு தட்டை மட்டும் இப்போது அழிக்கவேண்டாம். அடுத்த சுற்றுக்காரர்களுக்கும் அது தேவை. அது பவுன்ஸுக்குள் போகட்டும், கடைசியில் மாஸ்டர் (எல்லாம் சேர்ந்த இறுதிப் பதிவு) எடுக்கும்போது வெட்டிக்கொள்ளலாம்.

7. கலவையின் அளவு: இங்கேதான் நேரம் செலவழிக்கவேண்டும்

முழு வேலையிலும் கடினமான இடம் இது. தாளக் கருவிகளை மட்டும் கேட்டுக்கொண்டு அளவு வைத்தால் தப்பாகத்தான் வரும். குரல் இல்லாத வெற்றிடத்தை நிரப்பக் காது ஜால்ராவையும் ஆர்மோனியத்தையும் தூக்கச் சொல்லும். பிறகு குரல் வந்ததும் அந்த இரண்டும் அதே இடத்தில் நின்று முட்டும். “அண்ணே, என் குரல் உள்ள போயிருச்சு” என்று பாடகர் சொல்வார். குரலை ஏற்றினால் டோலக் காணாமல் போகும். இதற்கு மேல் ஒன்றும் செய்ய முடியாது, மறுபடி பவுன்ஸ்தான்.

இப்படிச் செய்யுங்கள். எல்லா ட்ராக்கின் ஃபேடரையும் இறக்கிவிட்டு, முதலில் 6 ஐ, அதாவது வழிகாட்டிக் குரலை, பாட்டில் கடைசியாக இருக்கப்போகும் அளவுக்கு ஏற்றுங்கள். அதற்குக் கீழே டோலக் இரண்டு பக்கமும். அடுத்து பேஸ். அப்புறம் ஆர்மோனியம், குரலின் சொற்கள் மங்காத அளவுக்கு மட்டும். கடைசியில் ஜால்ரா. அதைக் கேட்கும் அளவுக்கு ஏற்றி, பிறகு கொஞ்சம் இறக்குங்கள். ஜால்ராவின் ஒலி மேல் ஸ்தாயியில், மெய்யெழுத்துகள் தெளிவாகக் கேட்கும் அதே பகுதியில் நிற்கிறது. கைபேசி ஸ்பீக்கருக்குக் கீழ் ஸ்தாயி வராது, ஆனால் இந்தப் பகுதியை நன்றாகத் துப்பும். ஹெட்போனில் சரியாக இருக்கும் ஜால்ரா கைபேசியில் காதைக் கிழிக்கும்.

அளவு திருப்தியாக வந்ததும் ஒவ்வொரு ஃபேடர் எங்கே நிற்கிறது என்று அதே தாளில் எழுதுங்கள். இப்போது 6 ஐ மியூட் செய்யுங்கள். வெறும் தாளம் மட்டும் கேட்கும், ஏதோ குறைவதுபோல் தோன்றும், கை தானாக ஃபேடர் பக்கம் போகும். தொடாதீர்கள். அந்தக் குறைதான் குரலுக்கான இடம்.

பான் (ஒலியை இடமோ வலமோ நிறுத்துவது): டோலக்கின் இடது பக்கம், அதாவது கனமான அடி, நடுவில். பேஸும் நடுவில். டோலக்கின் வலது பக்கம் சற்று வலது. ஆர்மோனியம் சற்று இடது, ஜால்ரா சற்று வலது. முழுக்க ஓரத்துக்குத் தள்ளவேண்டாம். கோயில் ஹார்ன் ஸ்பீக்கர் மோனோ. அதில் ஓரத்தில் உள்ளவை நடுவில் உள்ளதைவிடத் தணிந்து கேட்கும்.

ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) இப்போது வேண்டாம். பவுன்ஸில் ரிவெர்ப் பதிந்து, கடைசி மாஸ்டரிலும் ரிவெர்ப் போட்டால் டோலக் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். இகியூ மட்டும் தேவையானால், அதுவும் குறைக்கும் பக்கமாக. ஆர்மோனியத்தில் கீழ் ஸ்தாயியைக் கொஞ்சம் குறைத்தால் டோலக்குக்கு இடம் கிடைக்கும்.

இப்போது ஐந்தும் சேர்ந்த அளவைப் பாருங்கள். தனித்தனியே -6 இல் நின்றவை ஒன்றாக விழும் முதல் அடியில் பூஜ்யத்தைத் தாண்டும். எல்லா ஃபேடரையும் ஒரே அளவு இறக்கி, சேர்ந்த உச்சம் -6 ஐத் தாண்டாமல் வையுங்கள். மொத்த அளவை மாற்றும் மாஸ்டர் ஃபேடரை மட்டும் இறக்கினால் போதாதா என்றால், சில மெஷின்களில் அதற்கு முன்னாலேயே உடைந்துவிடும்.

8. பவுன்ஸ் ஓட்டுதல்

இனி மெஷினில் பவுன்ஸ் மோட். எங்கிருந்து, எங்கே என்று கேட்கும். எங்கிருந்து: 1 முதல் 5. எங்கே: 7, 8. போகும் இடம் காலியா என்று இன்னொரு தடவை பாருங்கள். சில மெஷின்களில் மூல ட்ராக்கையே போகும் இடமாகக் கொடுக்க அனுமதி உண்டு, கொடுத்தால் மூலம் போயே போய்விடும்.

பாட்டின் தொடக்கத்துக்கு, 00:00 க்கு வாருங்கள். பவுன்ஸ் நிஜ நேரத்தில் ஓடும், நிற்கும் இடத்திலிருந்துதான் ஆரம்பிக்கும். பாட்டின் நடுவில் கேட்டுக்கொண்டிருந்த இடத்திலேயே பட்டனை அழுத்திவிட்டு, முதல் பல்லவி எங்கே என்று தேடுகிறவர்கள் நிறைய.

ஓடும்போது ஃபேடரில் கை வைக்கவேண்டாம். கடைசி அடி முடிந்தும் பத்து நொடி ஓடட்டும். ஜால்ராவின் இழுப்பு அடங்க நேரம் எடுக்கும். அவசரமாக நிறுத்தினால் வால் வெட்டுப்பட்டுக் கேட்கும்.

முடிந்ததும் இன்னொன்று செய்யுங்கள். டோலக் இரண்டு ட்ராக்கையும் 3 டெசிபல் ஏற்றி இரண்டாவது பவுன்ஸ் எடுத்து வையுங்கள். வர்ச்சுவல் ட்ராக் (ஒரே ட்ராக்குக்கு மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளும் கூடுதல் பதிவுகள்) உள்ள மெஷினில் 7, 8 க்கு அடுத்த வர்ச்சுவல் ட்ராக்கைத் தேர்ந்து அதில் பதியலாம். ட்ராக்குக்குப் பைலை மாற்றிப் போடும் மெஷினில் புதிய பைலாகச் சேமிக்கலாம். ஐந்து நிமிட வேலை. “டோலக் கொஞ்சம் கூட்டுங்க தம்பி” என்று குழுத் தலைவர் சொல்வது நிச்சயம். அன்றைக்கு இது உதவும்.

ஹெட்போன் ஓட்டையிலிருந்து வேறொரு மெஷினுக்குக் கேபிள் போட்டு அங்கே கலந்து திரும்பக் கொண்டுவரும் முறையை விட்டுவிடுங்கள். இரண்டு மெஷினின் கடிகாரமும் ஒரே வேகத்தில் ஓடாது. பத்து லட்சத்துக்கு ஐம்பது பங்கு வித்தியாசம் இருந்தாலும் ஐந்து நிமிடத்தில் 15 மில்லிசெகண்டு விலகும், டோலக்கில் அது கேட்கும்.

9. சரிபார்த்து, காப்பி எடுத்து, அப்புறம் அழித்தல்

7 ஐ முழு இடதுக்கும் 8 ஐ முழு வலதுக்கும் பான் செய்யுங்கள். சில மெஷின்கள் தாமே செய்யும், பல செய்யாது. இரண்டும் நடுவில் நின்றால் கஷ்டப்பட்டு வைத்த இடம் வலம் எல்லாம் மோனோவாகிவிடும்.

1 முதல் 5 வரை மியூட். மறந்தால் ஒவ்வொரு கருவியும் இரண்டு தடவை ஓடும், ஒலி பெரிதாகி ஒருவித உலோகத் தன்மை வரும். ‘பவுன்ஸ் நன்றாக வந்திருக்கிறது’ என்று ஏமாறுவீர்கள். 7, 8 இன் இகியூவும் ரிவெர்பும் பூஜ்யத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் ஏற்கெனவே பதிந்த இகியூமேல் இன்னொரு தடவை ஏறும்.

இப்போது முதலிலிருந்து கடைசிவரை கேளுங்கள், 6 ஐத் திறந்து குரலோடும் ஒரு தடவை. கைபேசியில் ஒரு தடவை.

திருப்தி என்றால் யூஎஸ்பி கேபிளில் லேப்டாப்பில் செருகி பாட்டை முழுவதுமாக, 1 முதல் 8 வரை உள்ள மூலப் பதிவுகளோடு காப்பி எடுங்கள். பைல் பெயரில் பாட்டின் பெயர், சுற்று எண், தேதி. இதன்பிறகுதான் 1 முதல் 5 வரை அழிக்கலாம். காப்பி எடுக்காமல் அழிப்பவருக்கு எந்த ஆலோசனையும் உதவாது.

10. பின்பாட்டும் இரண்டாவது பவுன்ஸும்

நாலு பேர் பின்பாட்டுக்கு இருந்தால் ஒரு மைக்குக்கு இருவராக நிறுத்தி 1, 2 இல் பதியுங்கள். அதே நால்வரும் இடம் மாறி, ஒரு எட்டுப் பின்னால் நின்று 3, 4 இல் மறுபடி பாடட்டும். இடம் மாறாமல் பாடினால் அதே குரல்கள் இரட்டித்ததாகத் தெரியும். மாறி நின்றால் கூட்டமாகக் கேட்கும்.

‘சரணம்’ போன்ற சொல்லில் முதல் ‘ச’ எட்டுக் குரலில் முன்பின்னாக வந்தால் சிதறும். ஒருவர் மட்டும் அழுத்திச் சொல்லட்டும், மற்றவர்கள் அந்த எழுத்தை மென்மையாகத் தொட்டுவிட்டு உயிரெழுத்தில் சேரட்டும். பவுன்ஸ் ஆனபின் இதைத் திருத்த முடியாது என்பதால் பதியும்போதே கேட்டு நிறுத்துங்கள். வரியின் கடைசி எழுத்துக்கும் அப்படியே.

பின்பாட்டு வராத இடங்களில் நாலு ட்ராக்கையும் அழித்துச் சுத்தம் செய்தபின் 5, 6 க்குப் பவுன்ஸ். 7, 8 மியூட் ஆகியிருக்கிறதா? இதை மறந்தால் தாளம் முழுவதும் பின்பாட்டுக்குள் போய் உட்காரும். அளவு வைக்கும் முறை முன்போலவே: தாளத்தோடும் வழிகாட்டிக் குரலோடும் கேட்டு வைத்து, எழுதிக்கொண்டு, 6, 7, 8 மூன்றையும் மியூட் செய்து, ஓட்டவும். பிறகு காப்பி.

11. முதல் குரல், குழல், உடுக்கை

குரலுக்கு 1, 2 இரண்டையும் ஒதுக்கியது இரண்டு முழு டேக்குக்காக. மாஸ்டரின்போது வரிக்கு எது நன்றாக இருக்கிறதோ அதைத் திறந்து மற்றதை மியூட் செய்யலாம். மைக் வாய்க்கு ஒரு ஜாண் தூரம், ‘ப’ வெடிக்காமல் இருக்க நேரே அல்லாமல் கொஞ்சம் ஓரமாக.

ஹெட்போனிலிருந்து ஜால்ரா கசிந்து குரல் மைக்கில் ஏறும். அது இப்போது 7, 8 க்குள் இருக்கிறது, தனியே குறைக்க முடியாது. பதியும் நேரத்துக்கு மட்டும் 7, 8 இன் மேல் ஸ்தாயி இகியூவை இறக்கிவிட்டு, முடிந்ததும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். தாளில் எழுதி வைத்தால் மறக்காது.

குழலும் உடுக்கையும் குரலுக்கு அப்புறம்தான். இரண்டும் குரல் ஓயும் இடங்களில் பதில் சொல்பவை. குரல் எங்கே ஓய்கிறது என்று தெரியாமல் வாசிக்க முடியாது.

12. மாஸ்டர்

இப்போதுதான் ரிவெர்ப். குரலுக்கும் குழலுக்கும் கொஞ்சம், பின்பாட்டுக்கு இன்னும் கொஞ்சம், 7, 8 க்கு ஒன்றும் வேண்டாம் அல்லது தொட்டும் தொடாமலும். சில மெஷின்களில் பாட்டின் தொடக்கத்தையும் முடிவையும் இன், அவுட் என்று குறித்தால்தான் மாஸ்டர் பதிவு ஆரம்பிக்கும். இன் புள்ளியை நாலு தட்டுக்குப் பின், முதல் ஒலிக்கு அரை நொடி முன் வையுங்கள். அவுட் புள்ளி ரிவெர்ப் முழுக்க அடங்கியபின். உச்சம் -1 டெசிபல் வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

மாஸ்டர் வேவ் பைலை லேப்டாப்புக்கு எடுத்து அப்படியே ஒரு காப்பி வையுங்கள். கோயில் ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுப்பதற்கு மட்டும் 320 கேபிபிஎஸ் எம்பி3 ஆக மாற்றுங்கள். அதில் குத்தும் பென்டிரைவை ஃபேட்32 ஆகப் பார்மெட் செய்தால் பழைய பிளேயரும் படிக்கும். பைல் பெயரை எண்ணோடு ஆங்கில எழுத்தில் வைப்பது நல்லது, பல பிளேயர்களின் திரையில் தமிழ் எழுத்து கட்டம் கட்டமாகத்தான் வரும். திருவிழாவுக்கு முந்தின நாளே கோயிலில் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். ஹார்னில் பேஸ் கேட்காது, அது பதிவின் குற்றம் அல்ல. சொற்கள் புரியாவிட்டால் வீட்டுக்கு வந்து ரிவெர்பைக் குறைத்து மாஸ்டரை மட்டும் மறுபடி எடுங்கள்.